அபே ரோடு: மூன்று கூடங்களும் ஒரு பணிமனையும்

லண்டனின் வடமேற்கே செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில், அபே ரோடு 3-ஆம் எண்ணில் இருப்பது வெள்ளையடித்த ஒரு பழைய வீடு. அபே ரோடு ஸ்டுடியோஸ் என்ற ஒலிப்பதிவுக் கூடம் இயங்குவது இங்கேதான். 1831-இல் கட்டப்பட்ட ஜார்ஜியன் பாணி மாளிகை, ஒன்பது படுக்கையறைகள். பின்னாளில் அதை அடுக்குக் குடியிருப்பாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். அரசுப் பட்டங்களைப் பணத்துக்கு விற்றுப் பெயர் கெட்ட மாண்டி கிரெகரி அங்கே குடியிருந்தார். 1929-இல் கிராமபோன் கம்பெனி அந்த வீட்டை வாங்கியது. நம் ஊர் இசைத்தட்டுகளில் நாயும் குழல் பெட்டியுமாகப் பதிந்திருக்கும் எச்.எம்.வி. முத்திரை இந்தக் கம்பெனியுடையதுதான்.

கம்பெனி வாங்கியது வீட்டுக்காக அல்ல, அதன் பின்னால் கிடந்த நீண்ட தோட்டத்துக்காக. முன்பக்க மாளிகையை அலுவலகமாக்கிவிட்டு, தோட்டம் முழுவதையும் அடைத்து ஒலிப்பதிவுக் கூடங்களைக் கட்டினார்கள். அதனால் சாலையில் நின்று பார்ப்பவர்களின் கண்ணில் கட்டடத்தின் சிறு பகுதிதான் படும். நூறு பேர் கொண்ட இசைக்குழு உட்காரும் மண்டபம் ஒன்று அந்த வாசலுக்குப் பின்னால் இருப்பதை வெளித்தோற்றம் காட்டிக்கொடுக்காது.

இந்தக் கட்டடத்தைப் பற்றிய பேச்செல்லாம் பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்தக் குழு தன் பாடல்களில் மிகப் பெரும்பாலானவற்றை இங்கேதான் பதிவு செய்தது என்பதால் அது இயல்புதான். ஆனால் இந்தக் கூடம் நிலைத்திருப்பதற்கு அந்தப் புகழே காரணம் என்ற விளக்கம் பாதிதான் சரி என்பது என் கருத்து. புகழ்பெற்ற பாடகர்கள் பாடிய எத்தனையோ ஒலிப்பதிவுக் கூடங்கள் உலகம் முழுவதும் மூடப்பட்டுவிட்டன. இசைத்தட்டு போய் நாடா வந்தது. நாடா போய்க் கணினி வந்தது. வீட்டு அறையிலேயே முழுப் பாட்டையும் பதிந்துவிட முடிகிறது. இத்தனைக்குப் பிறகும் இது இயங்குவதற்கான காரணங்களைக் கட்டடத்தின் அமைப்பிலும் அதற்குள் இருந்த பொறியாளர்களின் பணிமனையிலும் தேட வேண்டும்.

ஏன் அந்த இடம்

1925-க்குப் பிறகு மைக் வைத்து மின்முறையில் பதிவு செய்வது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பாடகர் ஒரு பெரிய குழலின் வாயருகே நெருங்கி நின்று பாட வேண்டியிருந்தது. முழு இசைக்குழுவை அப்படிப் பதிவு செய்வது பெரும்பாடு. மைக் வந்ததும் பெரிய குழுவையும் பதிவு செய்ய முடிந்தது. ஆனால் அதற்கென்று இடம் இல்லை. கச்சேரி மண்டபங்களை வாடகைக்கு எடுத்து, கருவிகளைக் கொண்டுபோய் வைத்துப் பதிவு செய்தார்கள். மண்டபம் கிடைக்கும் நேரம்தான் வேலை நேரம். வெளிச் சத்தம் வந்தால் அந்தத் தட்டு வீண்.

எனவே பதிவுக்கென்றே ஒரு கட்டடத்தை வடிவமைக்கும் எண்ணம் வந்தது. செயின்ட் ஜான்ஸ் வுட் அமைதியான குடியிருப்புப் பகுதி. மாலையில் நகரின் நாடக அரங்குகளிலும் கச்சேரி மண்டபங்களிலும் வாசிக்கும் கலைஞர்கள் பகலில் எளிதாக வந்துபோகும் தொலைவு. இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தன. கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே, 1931-இல், கிராமபோன் கம்பெனியும் போட்டி நிறுவனமான கொலம்பியாவும் இணைந்து இ.எம்.ஐ. நிறுவனம் பிறந்தது.

1931 நவம்பர் 12 அன்று திறப்பு. ஆங்கில இசைப் படைப்பாளி எட்வர்ட் எல்கர் தன் படைப்புகளை லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டு தானே நடத்தினார்; பதே நிறுவனம் அதைச் செய்திப்படமாக எடுத்தது. மறு ஆண்டு அதே கூடத்தில் எல்கரின் வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பதினாறு வயது யெஹுதி மெனுஹின் வாசிக்க, எழுதியவரே எதிரில் நின்று நடத்தினார். எழுபத்தைந்து வயதுப் படைப்பாளியும் பள்ளி வயதுக் கலைஞனும் சேர்ந்து விட்டுச் சென்ற அந்தப் பதிவு இன்றும் விற்பனையில் இருக்கிறது. இந்தக் கட்டடம் வேறு எதையும் தராமல் போயிருந்தாலும் அந்த ஒன்றுக்காகவே அதை நினைத்திருப்போம்.

மூன்று கூடங்கள்

கட்டடத்தின் உயிர் அதன் அளவுத் திட்டத்தில் இருக்கிறது. பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று கூடங்களை ஒரே கூரையின் கீழ் அமைத்தார்கள்.

முதல் கூடம் ஏறத்தாழ 5,000 சதுர அடி. கூரை உயரம் 40 அடி. முழு சிம்பனிக் குழுவோடு நூறு பேர் கொண்ட பாடகர் குழுவும் சேர்ந்து உட்காரலாம். ஒரு வயலின் நிறுத்திய பிறகும் அதன் ஓசை கூரைக்கு ஏறித் திரும்பி வர இடம் இருக்கிறது. அந்த முழக்கமும் போதாது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். சுவர்களில் ஏறக்குறைய நூறு ஒலிபெருக்கிகளைப் பதித்து, வாசிப்பின் ஓசையையே சற்றுத் தாமதமாகக் கூடத்துக்குள் திருப்பி அனுப்பி, முழக்கத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாம் கூடம் சிறியது. பியானோ தனி வாசிப்பு, நால்வர் குழு போன்றவற்றுக்கு உரியது. பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் முதன்முறையாக முழுமையாகப் பதிவு செய்த ஆர்தர் ஷ்னாபெல், 1932 முதல் 1935 வரை இங்கேதான் உட்கார்ந்து வாசித்தார். பின்னாளில் இது பலமுறை மாற்றிக் கட்டப்பட்டது. மூன்றிலும் மிக மாறிப்போன கூடம் இதுதான்.

இரண்டாம் கூடத்தைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். பரப்பு சுமார் 2,200 சதுர அடி. பெரிய கூடம் தரும் விரிவும் சிறிய கூடம் தரும் நெருக்கமும் இங்கே கலந்திருக்கின்றன. மரத்துண்டுகள் பதித்த தரை. சுவர்களில் உலர்ந்த கடற்புல் அடைத்த மெத்தைத் திரைகள் தொங்கின; எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சி, கொஞ்சத்தை விட்டுவைப்பது அவற்றின் வேலை. இந்த அளவுதான் முக்கியம். முற்றிலும் உறிஞ்சிவிட்டால் டிரம் ஓசை உயிரற்றுப் போகும். அப்படியே விட்டால் சொற்கள் கலங்கிவிடும்.

இந்தக் கூடத்தின் கட்டுப்பாட்டு அறை மேல்தளத்தில் இருக்கிறது. பெரிய சன்னல் வழியே கீழே வாசிப்பவர்களைப் பார்க்கலாம். பேச வேண்டுமானால் ஒலிபெருக்கியில் பேச வேண்டும், அல்லது நீண்ட மரப்படிக்கட்டில் இறங்கி வர வேண்டும். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அந்தப் படிகளில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். வேலையின் ஒழுங்கே அந்தப் படிக்கட்டில் வெளிப்பட்டது. மேலே நிறுவனம், கீழே கலைஞர்கள். 1960-களின் பிற்பகுதியில் கலைஞர்களும் மேலே ஏறிவந்து கருவிப் பலகையருகே நின்று தங்கள் பாட்டை எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இரண்டாம் கூடத்தின் பின்புறம் ஒரு வெற்று அறை உண்டு. அதுதான் எதிரொலி அறை. மெருகேற்றிய வடிகால் குழாய்களைத் தூண்கள்போல் நிறுத்தியிருக்கிறார்கள். அறையின் ஒரு பக்கம் ஒலிபெருக்கி, மறுபக்கம் மைக். பாடகரின் குரலை ஒலிபெருக்கி வழியே அந்த அறைக்குள் அனுப்புவார்கள். குரல் வழவழப்பான குழாய்களில் பட்டுச் சிதறி, சுவர்களில் மோதி, நீண்டு வரும். அதை மைக்கில் பிடித்து மூலக் குரலோடு வேண்டிய அளவு சேர்ப்பார்கள். அனுப்புவதற்கு முன் குரலை ஒரு நாடாக் கருவியில் ஓட்டிச் சற்றுத் தாமதப்படுத்தும் முறையையும் இங்கேயே உருவாக்கினார்கள். அக்காலத்துப் பாடல்களில் குரலுக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம் இருப்பதாகத் தோன்றுவதற்கு இந்த அறையே காரணம். கணினி நிரல்களாக இதைப் போலச் செய்து விற்கிறார்கள். அந்த நிரல்கள் எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு காலி அறையும் சாக்கடைக் குழாய்களும்.

வெள்ளை மேலங்கிகள்

தொடக்ககால வேலை முறையை மனத்தில் நிறுத்தினால்தான் பின்னால் வந்த துணிச்சலின் அளவு புரியும். முதலில் பதிவு மெழுகுத் தட்டில் நடந்தது. ஒரு பக்கத்துக்கு நான்கரை நிமிடம் வரைதான் இடம். தட்டில் ஒலித்தடத்தை வெட்டும் கருவியை மின்மோட்டார் ஓட்டவில்லை. மோட்டாரின் வேகம் சற்று ஏறி இறங்கினாலும் சுருதி கெடும் என்பதால், உயரத்திலிருந்து மெல்ல இறங்கும் எடைக்கல்லின் இழுப்பில் தட்டைச் சுழற்றினார்கள். தவறாக வாசித்தால் வெட்டி ஒட்டித் திருத்த வழியில்லை; முதலிலிருந்து வாசிக்க வேண்டும். 1936-இல் செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் பாக்கின் செல்லோ தொகுதிகளில் இரண்டை இங்கே பதிவு செய்தது இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான்.

இ.எம்.ஐ. நிறுவனத்திடம் சொந்தமாகப் பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஆலன் புளூம்லைன் 1931-இல் இரட்டைச் செவி ஒலிமுறைக்குக் காப்புரிமை கோரினார். நாம் ஸ்டீரியோ என்கிறோமே, அதன் அடிப்படைகள் அந்தக் காப்புரிமை ஆவணத்திலேயே இருக்கின்றன. 1934-இல் தாமஸ் பீச்சம் இந்தக் கட்டடத்தில் மோட்சார்ட்டின் ஜூபிடர் சிம்பனியை நடத்தியபோது புளூம்லைன் அதை ஸ்டீரியோவில் பிடித்துப் பார்த்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வர அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதை அவர் பார்க்கவில்லை. 1942-இல் ரேடார் கருவி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது விமான விபத்தில், 38 வயதில், இறந்துபோனார். இசை கேட்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது.

போருக்குப் பின் நாடா வந்தது. ஜெர்மானியர்களின் காந்த நாடாக் கருவியை ஆராய்ந்த இ.எம்.ஐ. பொறியாளர்கள் அதே வகைக் கருவியைத் தாமே கட்டினார்கள். ஒலிக்கலவைப் பலகைகளும் நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பு. வெளியில் விலைக்குக் கிடைக்காதவை. எல்லாவற்றுக்கும் விதிமுறை இருந்தது. தொழில்நுட்பப் பணியாளர்கள் வெள்ளை மேலங்கி அணிய வேண்டும். கருவிகளைத் தூக்கி வைப்பவர்களுக்குப் பழுப்பு மேலங்கி. டிரம்மிலிருந்து மைக் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கும் அளவு குறித்திருந்தார்கள்.

1963 பிப்ரவரி 11 அந்த ஒழுங்கின் உச்சம் என்று சொல்லலாம். பீட்டில்ஸ் குழு தன் முதல் இசைத்தட்டுக்கான பத்துப் பாடல்களை ஒரே நாளில், இரண்டாம் கூடத்தில், காலை முதல் இரவு வரை மூன்று அமர்வுகளில் பதிந்து முடித்தது. குழுவின் பாடகர் ஜான் லெனனுக்குச் சளி. தொண்டை கிழியும் பாட்டு ஒன்றைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தார்கள். ஒரே டேக்கில் முடிந்த அந்தப் பாட்டில் அவருடைய தொண்டையின் நிலை அப்படியே கேட்கிறது. மேடையில் வாசிப்பதுபோல் எல்லோரும் சேர்ந்து வாசித்ததை அந்தக் கூடத்தின் காற்றோடு பிடித்த பதிவு அது.

1966

விதிகள் உடைந்ததும் இதே கட்டடத்தில்தான். 1966 ஏப்ரல் 6 அன்று, இருபதே வயதான ஜெஃப் எமெரிக் பீட்டில்ஸ் குழுவின் ஒலிப்பதிவாளராகப் பொறுப்பேற்ற முதல் வேலை, 'டுமாரோ நெவர் நோஸ்' என்ற பாட்டு. இடம் மூன்றாம் கூடம். தலாய் லாமா மலையுச்சியில் நின்று ஓதுவதுபோல் தன் குரல் கேட்க வேண்டும் என்பது லெனனின் விருப்பம். ஆர்கன் இசைக்கருவியோடு வரும் சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டியின் இணைப்புகளை மாற்றி, அதன் வழியே குரலை அனுப்பினார்கள். டிரம்முக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, விதித்த தூரத்தை மீறி மைக்கை நெருக்கி வைத்தார் எமெரிக். நிர்வாகம் பின்னர் அதற்கு எழுத்தில் விதிவிலக்கு அளித்தது. பீட்டில்ஸ் பதிவுகளுக்கு மட்டும்.

அதே பாட்டுக்கு, வளையமாக ஒட்டிய நாடாத் துண்டுகளைக் கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் இருந்த நாடாக் கருவிகளில் ஓட்டி, எல்லா ஓசைகளையும் ஒரே பலகைக்குக் கொண்டுவந்து நேரடியாகக் கலந்தார்கள். நாடா இழுபடாமல் இருக்கப் பணியாளர்கள் ஆளுக்கொரு பென்சிலில் அதைத் தாங்கிப் பிடித்து நின்றார்கள். கட்டடம் முழுவதும் ஒரே இசைக்கருவியாக வாசிக்கப்பட்ட நாள் அது. அத்தனை கருவிகளும் அத்தனை கைகளும் ஒரே கூரையின் கீழ் இல்லாவிட்டால் அந்த ஓசை பிறந்திருக்காது.

பணிமனையின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரியும் இடம் ஒன்றுண்டு. ஒரே வரியை இரண்டாவது முறையும் பாடி, இரண்டையும் சேர்த்துக் குரலுக்குக் கனம் கூட்டுவது வழக்கம். லெனனுக்கு அப்படித் திரும்பப் பாடுவதில் சலிப்பு. 1950-இல் இ.எம்.ஐ.யில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்த பொறியாளர் கென் டவுன்செண்ட் இதற்கு ஒரு வழி கண்டார். பாடிய குரலை இன்னொரு நாடாக் கருவிக்கு அனுப்பி, அதன் வேகத்தை மெல்ல அசைத்து, நொடியின் மிகச் சிறு பகுதி மட்டும் பிந்தி வரும்படி செய்தால், இரண்டாவது ஆள் பாடுவதுபோல் ஒலிக்கும். ஏ.டி.டி. என்று பெயர் பெற்ற இந்த உத்தி பின்னர் உலகம் முழுவதும் பரவியது. 1967-இல், முதல் கூடத்தில் நாற்பது வாத்தியக்காரர்களைச் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டி வந்தபோது நான்கு டிராக் (ஒலித்தடம்) கொண்ட நாடா போதவில்லை. இரண்டு கருவிகளை ஒரே வேகத்தில் ஓடவிடும் இணைப்பை அமைத்ததும் டவுன்செண்ட்தான். கலைஞன் கேட்டதை அன்றே செய்து கொடுக்கும் ஆள் பக்கத்து அறையில் இருந்தார். என் பார்வையில் அபே ரோட்டின் ரகசியம் என்று ஒன்று இருந்தால், அது இதுதான்.

நமக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1967 மார்ச்சில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்களை இரண்டாம் கூடத்துக்கு அழைத்துவந்தார். தரையில் விரிப்பு விரித்து, தில்ரூபா (வில்லால் வாசிக்கும் நரம்பிசைக் கருவி), தபலா, தம்பூராவுடன் உட்கார்ந்து வாசித்தார்கள். பிறகு அதன்மேல் எட்டு வயலின், மூன்று செல்லோ சேர்க்க வேண்டியிருந்தது. தில்ரூபா ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து செல்லும் கமகங்களை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதி, அந்த வாத்தியக்காரர்களை அதேபோல் இழைய வைத்தார் மார்ட்டின். அடுத்த ஆண்டு ஹாரிசன் பம்பாய்க்கு வந்து, அதே நிறுவனத்தின் எச்.எம்.வி. கூடத்தில், புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா உள்ளிட்டோரைக் கொண்டு 'தி இன்னர் லைட்' பாட்டின் இசையைப் பதிந்து எடுத்துச் சென்றார். குரல் அபே ரோட்டில் சேர்க்கப்பட்டது.

தெருவின் பெயர்

அதுவரை அதிகாரப்பூர்வப் பெயர் இ.எம்.ஐ. ஸ்டுடியோஸ். 1969-இல் பீட்டில்ஸ் தங்கள் இசைத்தட்டுக்கு முதலில் 'எவரெஸ்ட்' என்று பெயர் வைக்க எண்ணியிருந்தார்கள். படம் எடுக்க இமயம்வரை போவானேன் என்று ஆகி, வாசலுக்கு வெளியே இருந்த சாலையின் பெயரையே வைத்தார்கள். ஆகஸ்ட் 8 அன்று இயன் மெக்மில்லன் நடுச் சாலையில் ஏணி போட்டு ஏறி, வரிக்குதிரைக் கடவையை நால்வரும் கடப்பதை ஆறு படங்களாக எடுத்தார். ஒரு காவலர் போக்குவரத்தை நிறுத்தி வைத்தார். பத்து நிமிட வேலை. பின்னர் 1970-களில் கூடத்தின் பெயரும் அபே ரோடு ஸ்டுடியோஸ் ஆனது.

பீட்டில்ஸ் பிரிந்த பிறகும் தரம் தாழவில்லை. 1972-73-இல் பிங்க் ஃபிளாய்டு 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' தொகுப்பை இங்கே உருவாக்கியது; ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ். அந்தத் தொகுப்புக்காகக் கட்டடத்தில் இருந்தவர்களிடம் கேள்வி அட்டைகளைக் காட்டிப் பதில்களைப் பதிந்தார்கள். பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியின் பதில் கடைசியில் பயன்படவில்லை. கூடத்தின் வாயிற்காவலர் சொன்ன பதில்தான் தொகுப்பின் இறுதிச் சொற்களாக நிலைத்தது.

பெரிய கூடத்துக்கு வந்த ஆபத்து

1970-களின் பிற்பகுதியில் இந்த வரலாறே முறிந்துபோகும் நிலை வந்தது. ராக் குழுக்களுக்குச் சிறிய கூடமே போதும். முழு இசைக்குழுப் பதிவுகள் குறைந்துவிட்டன. முதல் கூடம் பெரும்பாலான நாள்கள் காலியாகக் கிடந்தது. அதை உடைத்துச் சிறு கூடமும் கார் நிறுத்துமிடமும் அமைக்கும் யோசனைகூட எழுந்தது. கணக்கில் அது நியாயமாகவே தெரிந்திருக்கும்: பராமரிப்புச் செலவு மிகுந்த 5,000 சதுர அடி, வருமானம் இல்லை.

அந்த வேளையில் கூடத்தை நிர்வகித்தவர், பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த அதே கென் டவுன்செண்ட். லண்டனுக்கு வெளியே டெனமில் திரைப்படப் பின்னணி இசையைப் பதிவு செய்துவந்த ஆன்வில் நிறுவனம் 1980-இல் தன் இடத்தை இழந்தது. அவர்களிடம் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், கூடம் இல்லை; இங்கே கூடம் இருந்தது, வேலை இல்லை. இருவரும் கைகோத்தார்கள். திரையில் படத்தை ஓட்டி, அதைப் பார்த்தபடியே இசைக்குழுவை நடத்தும் வசதியை முதல் கூடத்தில் அமைத்தார்கள். 1981-இல் ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவோடு 'ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' படத்தின் இசையை அங்கே பதிவு செய்தார். இரண்டு ஆண்டுகளில் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்' வந்தது. பிறகு 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களின் இசை. எல்கர் காலத்து அளவுகளோடு கட்டிய மண்டபம், அந்த அளவுகளில் மாற்றம் எதுவும் தேவைப்படாமல், திரைப்பட இசைக்குப் பொருந்தியது. நூறு பேர் ஒரே காற்றில் ஒன்றாக வாசிக்கும் ஓசையைத் தனித்தனியாகப் பதிந்து சேர்த்துப் பெற முடியாது. அதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தை அதற்குள் உடைத்திருந்தால், மீண்டும் கட்ட எந்த நிறுவனமும் முன்வந்திருக்காது.

2010-இல் இரண்டாவது ஆபத்து. கடனில் இருந்த இ.எம்.ஐ., கட்டடத்தை விற்கப் போகிறது என்று செய்தி பரவியது. எதிர்ப்பு கிளம்பியதும் விற்பனைத் திட்டம் இல்லை என்று நிறுவனம் அறிவித்தது. அதே பிப்ரவரியில் பிரிட்டன் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் இரண்டாம் நிலைப் பட்டியலில் சேர்த்தது. டிசம்பரில் வெளியே உள்ள வரிக்குதிரைக் கடவையும் பட்டியலில் ஏறியது. 2012-இல் இ.எம்.ஐ.யின் இசைப்பதிவுத் தொழிலை யுனிவர்சல் மியூசிக் வாங்கியபோது கூடமும் அதனிடம் சென்றது. புதிய உரிமையாளர்கள் 2017-இல் இரண்டு சிறு கூடங்களைக் கூடுதலாகத் திறந்தார்கள். பெரிய கூடத்தின் நாள்வாடகையைக் கொடுக்க முடியாத இளம் கலைஞர்களுக்கு அவை பயன்படுகின்றன. பட்டியலில் இருப்பதால், கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும், அது உள்ளே நடந்தாலும் சரி, உரிமையாளர் உள்ளாட்சி அமைப்பிடம் முன் அனுமதி பெற்றாக வேண்டும். 1970-களில் முதல் கூடத்துக்கு அந்தக் காப்பு இருக்கவில்லை.